பூங்கோதை டீச்சரின் மாதிரி வகுப்பு

பூங்கோதை டீச்சர் டெங்குக் காய்ச்சலில் இறந்து, காரியம் முடிந்து, வீட்டு வாசலில் போட்ட பந்தலையும் பிரித்துக்கொண்டு போய்விட்ட பிறகு, மழை விட்டிருந்த ஓர் ஐப்பசிக் காலையில், அரூர் புறவழிச் சாலைக் கல்யாண மண்டபத்தில் கூடிய ஆசிரியர் மாநாட்டுக்கு, எங்கள் எல்லோரையும் போலவே தோளில் கைப்பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக வந்து சேர்ந்தார்.

அத்தனை பெரிய மாநாடு எங்கள் பக்கத்தில் அதற்கு முன் நடந்ததில்லை. மலையிலிருந்தும் கீழ்நாட்டிலிருந்தும், பேருந்து போகும் ஊர்களிலிருந்தும் போகாத ஊர்களிலிருந்தும், தொடக்கப்பள்ளி வாத்தியார்களும் டீச்சர்களும் மூன்று நாள் பயிற்சிக்கென்று வந்து குவிந்து, பந்திக் கூடம் நிறைந்து, மாடி நிறைந்து, மணமகள் அறை என்று எழுதியிருந்த அறைக்குள்ளும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தோம். பதிவு மேசைக்கு முன்னால் வரிசை வாசல்வரை நின்றது. பூங்கோதை டீச்சரும் அதில் நின்றார். முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார், பின்னால் நின்றவர் எட்டிப் பார்த்தார், ஒருவரும் கத்தவில்லை. வகுப்புக்குள் பாம்பு வந்தாலும் பிள்ளைகள் பயப்படக் கூடாதே என்று குரலை இறக்கிப் பேசிப் பழகியவர்கள் நாங்கள். மேசையில் இருந்தவர் அவர் பெயர் அச்சிட்ட அட்டையைத் தேடி எடுத்துக் கொடுத்தார். டீச்சர் அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, கோப்பையும் பேனாவையும் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

ஏன் வந்தார் என்று கேட்டவர்கள் உண்டு. பட்டியலில் பேரை நீக்காமல் விட்டதால் வந்திருக்கிறார் என்றார் ஒருவர். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஒரு பயிற்சிக்கும் வராமல் இருந்ததில்லை, அதனால்தான் என்றார் இன்னொருவர். முதல் டீ வருவதற்குள் அந்தப் பேச்சு ஓய்ந்துவிட்டது. வந்தவருக்கு நாற்காலி வேண்டும், விசிறிக்குக் கீழே இடம் வேண்டும், சாப்பாட்டுக்கு இலை வேண்டும். இதையெல்லாம் பார்க்கவே ஆள் போதவில்லை.

இடம் பிடித்து வைத்தவர் ஜெபமாலை டீச்சர். சித்தேரி மலையில் நொச்சிக்குட்டை என்ற ஊரில் இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில் அவர் தலைமையாசிரியர், பூங்கோதை அவருக்குக் கீழே. பூங்கோதையின் உடலைக் குளிப்பாட்டியபோது தலை சாயாமல் தாங்கிப் பிடித்திருந்ததும் அவர்தான். இப்போது அதே தலை தனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு பேசியது.

"டீச்சர், நாம ரெண்டு பேருமே இங்க வந்துட்டோமே, பள்ளிக்கூடத்த யாரு பாத்துக்கறாங்க?"

"மலையில நல்ல மழை. லீவு விட்டாச்சு."

"நல்லதாப் போச்சு. ரெண்டாங்கிளாஸ் காளியம்மாளுக்கு செருப்பு பிஞ்சுபோச்சு, அந்தக் கல்லுல வெறுங்காலோட வரும். அதையே நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

ஜெபமாலை டீச்சர் குரலை இறக்கி, "வீட்டுல எப்படி இருக்காங்க?" என்று கேட்டார்.

"எந்த வீட்டுல டீச்சர்?" என்று கேட்டார் பூங்கோதை.

அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. வந்திருப்பது டீச்சர் மட்டும்தான். நொச்சிக்குட்டைப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் பெயரும், அவர்கள் வீட்டு ஆடுகளின் பெயரும், யாருக்கு எந்த எழுத்து வராது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. அரூரில் தனக்கு ஒரு வீடு உண்டு, பால் வண்டி ஓட்டும் மாதையன் என்று ஒரு கணவர் உண்டு, மூன்றாம் வகுப்புப் படிக்கும் நிறைமதி என்று ஒரு மகள் உண்டு என்பது தெரியவில்லை. அந்தப் பாதி மண்ணிலேயே தங்கிவிட்டது போலும் என்று யாரோ சொன்னார்கள். அதற்குமேல் அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

பேசவில்லையே தவிர, ஆளாளுக்கு ஏதோ ஒன்றைச் செய்தோம். அவர் நாற்காலிக்குக் கீழே எப்போதும் கொஞ்சம் ஈரமண் உதிர்ந்து கிடந்தது. மண்டபத்தைக் கூட்டும் அம்மாள் வருவதற்கு முன்பே யாராவது ஒரு டீச்சர் குனிந்து காகிதத்தில் அள்ளிக்கொண்டு போய்ச் செம்பருத்திச் செடிக்கு அடியில் போட்டுவிட்டு வருவார். சாப்பாட்டு வேளையில் அவர் சோற்றைப் பிசைவார், உண்ணமாட்டார். பரிமாறுகிறவர் ஒன்றும் கேட்காமல் மறுசோறும் போடுவார். அறிவியல் பாடத்துக்கு வந்த கருத்தாளர் திரையில் 'உயிருள்ளவை, உயிரற்றவை' என்ற படத்தைக் கண்டதும் சட்டென்று அதைத் தாண்டி, காந்தத்துக்குப் போய்விட்டார். மனைவியை இழந்த ஒரு வாத்தியாரும், மகனைக் கிணற்றுக்குக் கொடுத்த ஒரு டீச்சரும் இடைவேளையில் தனித்தனியாக அவரிடம் போய், அங்கே எங்களவர்களைப் பார்த்தீர்களா என்று கேட்க நினைத்துக் கேட்க வாய் வராமல், எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளைக்கு என்ன செய்வது என்று கேட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதற்கு அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்.

முதல் நாள் சாயங்காலத்துக்குள் அரூர் முழுக்கச் சேதி போய்விட்டது. மறுநாள் மதியம் பால் வண்டியை மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவிட்டு மாதையன் உள்ளே வந்தார். பந்தியிலிருந்து எழுந்தவர்கள் வழிவிட்டோம். கைகழுவும் இடத்தில் பூங்கோதை டீச்சர் நின்றிருந்தார். மாதையன் அவருக்கு எதிரே போய் நின்றார். சரியாகத் தூங்கிப் பல நாளான முகம் அவருக்கு.

டீச்சர் கும்பிட்டார். "வணக்கம் சார். நீங்க எந்தப் பள்ளிக்கூடம்?"

மாதையனும் கும்பிட்டார். "நான் வாத்தியார் இல்லீங்க. பால் வண்டி ஓட்டறேன்."

"அப்பிடீங்களா. இங்க டீக்கு நீங்கதான் பால் ஊத்தறீங்களா? நல்லா இருக்குன்னு எல்லாரும் சொன்னாங்க." அவர் மாதையனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். "சட்டையில பித்தான் இல்ல பாருங்க. காத்துல வண்டி ஓட்டறவங்க, நெஞ்சத் தொறந்து போட்டுக்கிட்டுப் போவாதீங்க." தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றிக் கொடுத்தார். மாதையன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கூப்பிடவில்லை. வணக்கம் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

ஜெபமாலை டீச்சர் பின்னாலேயே போனார். வண்டியின் மறைவில், காலிக் கேன்களுக்குப் பக்கத்தில், மாதையன் அந்த ஊக்கைச் சட்டையில் குத்த முயன்று முடியாமல் நின்றிருந்தார். டீச்சர் வாங்கிக் குத்திவிட்டார்.

"காய்ச்சல்ல நெனவு தப்பிப் பொலம்பினப்பகூட எம்பேரச் சொல்லித்தாங்க கூப்பிட்டா" என்றார் மாதையன். "பாப்பா கேட்டுக்கிட்டே இருக்கா டீச்சர். அம்மாவப் பாக்கணும், கூட்டிப் போ, கூட்டிப் போன்னு. இவ அவளையும் யாருன்னு கேட்டுட்டா நான் என்ன பண்ணுவேன்?"

"அதையே பாப்பாகிட்ட சொல்லுங்க. சொல்லிட்டு, அவ என்ன சொல்றான்னு கேளுங்க."

அன்று மாலை மாதையன் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவந்து, வண்டியின் முன்னிருக்கையில் உட்கார வைத்து, சுற்றி வளைக்காமல் சொன்னார். "அம்மாவுக்கு உன்னைய அடையாளம் தெரியாது சாமி. என்னையே தெரியல."

நிறைமதி புத்தகப் பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டாள்.

"பரவால்லப்பா. நான் அவங்க கிளாஸ்ல ஒக்காந்துக்கறேன்."

அது அவளுக்குப் பழைய ஆசை. இருட்டோடு எழுந்து முதல் பேருந்தைப் பிடித்து மலைக்குப் போய், விளக்கு வைத்த பிறகு திரும்பி வந்து, கதை கேட்டால் பாதிக் கதையிலேயே கண்ணயர்ந்துவிடும் அம்மாவிடம், நானும் உன் பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன் என்று அவள் பள்ளி திறக்கும் ஒவ்வொரு ஜூனிலும் அழுதிருக்கிறாள். கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்பாய், பெரியவளானதும் பார்க்கலாம் என்று அம்மா ஒவ்வொரு ஜூனிலும் சொல்லியிருக்கிறாள்.

மாநாட்டை நடத்தியவர் குணசீலன் சார். கண்டிப்பானவர். பயிற்சியில் யார் செல்பேசியை எடுத்தாலும் மேடையிலிருந்தே ஊர் பேரைச் சொல்லி எழுப்பிவிடுவார். மூன்றாம் நாள் கடைசி நிகழ்ச்சியாக, மேடையிலேயே நிஜப் பிள்ளைகளை உட்காரவைத்து ஓர் ஆசிரியர் மாதிரி வகுப்பு எடுப்பதாக இருந்தது. அதற்கென்று வெளியூரிலிருந்து பரிசு வாங்கிய வாத்தியார் ஒருவர் வந்திருந்தார். மாதையன் வந்து சொன்னதைக் கேட்டு ஜெபமாலை டீச்சர் போய், அந்த வகுப்பைப் பூங்கோதை எடுத்தால் நிறைமதியும் உட்காரலாம் என்று சொன்னதும், குணசீலன் சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, மறுபடி கழற்றினார். அந்த வாத்தியாரும் கேட்டுக்கொண்டிருந்தார். "எனக்குத் தொண்டை கட்டிருக்கு சார்" என்று கணீரென்ற குரலில் சொல்லிவிட்டு அவர் டீ குடிக்கப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் பிற்பகல் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துவந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் பாய் விரித்து உட்கார வைத்தார்கள். அவர்களோடு நிறைமதியும் வந்து கடைசியில் உட்கார்ந்தாள். அப்பா பின்னிய சடை, ஒன்று தடித்தும் ஒன்று மெலிந்தும், காதுக்கு மேலே ஒன்றும் கழுத்துக்குக் கீழே ஒன்றுமாகத் தொங்கியது. மாதையன் கூட்டத்துக்குப் பின்னால் தூணோரம் நின்றார். சொல்லாமலேயே அத்தனை பேரும் செல்பேசிகளைப் பைக்குள் போட்டுக்கொண்டோம்.

பூங்கோதை டீச்சர் மேடையேறினார். வணக்கம் சொன்னார். பிள்ளைகளுக்கு நடுவே சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டார். பாடத்தின் பெயர் 'என் வீடு'. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், யார் என்ன செய்வார்கள் என்று ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்; சொன்னதை டீச்சர் பலகையில் எழுதுவார்; தான் சொன்னதையே பிள்ளை படிக்கும். சொந்த வாயிலிருந்து வந்த சொல்லைப் படிக்கப் பிள்ளை பயப்படாது என்பது அவர் கண்டுவைத்த முறை. ஒரு பையன் தங்கள் வீட்டில் எருமை இருக்கிறது என்றான். ஒருத்தி, சித்தப்பா இருக்கிறார், பகலெல்லாம் படுத்தே இருப்பார் என்றாள். மண்டபம் சிரித்தது. முறை நகர்ந்து நகர்ந்து கடைசிக்கு வந்தது.

"உம்பேரு என்ன கண்ணு?"

"நிறைமதி."

"நல்ல பேரு. யாரு வெச்சாங்க?"

"எங்கம்மா."

டீச்சர் தலையாட்டிக்கொண்டு பலகையில் அந்தப் பெயரை எழுதினார். அந்தப் பெயரை முதன்முதலில் எழுதிய கை அதுதான். எழுத்து கோணாமல் வந்தது. கை நிற்கவில்லை.

"உங்க வீட்டுல யாரு யாரு இருக்கீங்க?"

"அப்பா. நான்."

"அம்மா?"



"அம்மா டீச்சர்" என்றாள் நிறைமதி.

"டீச்சரா! எங்கள மாதிரியா? எந்தப் பள்ளிக்கூடம்?"

"மலை மேல."

"அடடா, ரொம்ப தூரமாச்சே. போயிட்டு வர்றதுக்கே பொழுது சரியாப் போயிருமே."

"ஆமா டீச்சர். வந்தா கதை சொல்லுவாங்க. பாதியிலயே தூங்கிருவாங்க." அவள் பாயின் ஓரத்தைப் பிய்த்தாள். "எழுப்பினாலும் எந்திரிக்கமாட்டாங்க."

பூங்கோதை டீச்சர் அவள் மோவாயைத் தொட்டு நிமிர்த்தினார்.

"தூங்கட்டும் விடு கண்ணு. அசதியா இருக்கும். எழுப்பாத."

நிறைமதி சரி என்று தலையாட்டினாள். முன்வரிசையில் ஒரு வாத்தியார் கோப்பால் முகத்தை மூடிக்கொண்டார். டீச்சருக்கு அது எதுவும் தெரியவில்லை. பிள்ளையின் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சடை யாரு பின்னினது?"

"அப்பா."

"நெனச்சேன். திரும்பு."

கைப்பையிலிருந்து சீப்பை எடுத்தார். மலையில் தலை வாராமல் வரும் பிள்ளைகளுக்காக அவர் எப்போதும் வைத்திருந்த சீப்பு. மேடையிலேயே இரண்டு சடையையும் அவிழ்த்து, சிக்கெடுத்து, உச்சி பிரித்து, மூன்று பிரியையும் ஒரே அளவாக எடுக்க வேண்டும், நடுப்பிரியை இறுக்கிப் பிடிக்க வேண்டும், பிள்ளைக்கு வலிக்குமே என்று அப்பாமார் தளர்த்திவிடுவார்கள், தளர்த்தினால் மதியத்துக்குள் அவிழ்ந்துவிடும், போய் அப்பாவுக்குச் சொல்லிக்கொடு என்று சொல்லிக்கொண்டே பின்னினார். தூணோரம் நின்ற மாதையனின் விரல்கள் காற்றில் மூன்று பிரியைத் தேடிப் பின்னிக்கொண்டிருந்தன. நேரம் முடிந்து வெகுநேரமாகிவிட்டது. குணசீலன் சார் மணி அடிக்கவில்லை. நிறைமதி கண்ணை மூடிக்கொண்டு அந்த விரல்களுக்குத் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருந்தாள். கடைசி முடிச்சைப் போட்டு ரிப்பனை இழுத்துவிட்டு, "ம், போ, எடத்துல ஒக்காரு" என்று முதுகில் ஒரு தட்டுத் தட்டினார் டீச்சர். அவள் போய் உட்கார்ந்தாள்.

அதன்பிறகு நடந்தது எங்கள் பக்கத்து மாநாடுகளில் அதற்கு முன்போ பின்போ நடக்காதது. மதியச் சாப்பாட்டோடு நழுவப் பார்ப்பவர்களும், மூன்று மணிக்கே பேருந்து நேரத்தைக் காரணம் சொல்பவர்களுமான நாங்கள் எழுந்து நின்று, பயிற்சியை இன்னும் ஒரு நாள் நீட்டிக்க வேண்டும் என்று கேட்டோம். சாப்பாட்டுக்கு நாங்களே பார்த்துக்கொள்கிறோம், கல்யாணக்காரர்கள் மண்டபத்தைக் கேட்டால் மைதானத்தில் உட்கார்ந்துகொள்கிறோம், ஒரு நாள், ஒரே ஒரு நாள் என்றோம். குணசீலன் சார் ஒலிவாங்கியைக் கையில் எடுத்தார். சரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார்.

பூங்கோதை டீச்சர் கை தூக்கினார்.

"சார், தப்பா நெனைக்காதீங்க. எங்களது ரெட்டை டீச்சர் பள்ளிக்கூடம். மழை விட்டிருக்கும், பிள்ளைங்க வந்து கதவு பூட்டிருக்கேன்னு திரும்பிப் போவும். ஒரு தடவ திரும்பிப் போச்சுன்னா மாடு மேய்க்கப் போட்டுருவாங்க. எங்கள விட்டுருங்க சார்."

 எல்லோரும் மெல்ல உட்கார்ந்தோம். குணசீலன் சார், நீங்கள் போகலாம் டீச்சர் என்றார்.

வாசலில் நிறைமதி காத்திருந்தாள். அம்மா என்று அவள் கூப்பிடவில்லை. "டீச்சர், நாளைக்கு வருவீங்களா?" என்று கேட்டாள்.

"நாளைக்கு எனக்கு மலையில பள்ளிக்கூடம் இருக்கு கண்ணு. நல்லாப் படி." அவ்வளவுதான் சொன்னார். மாதையனுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு, ஜெபமாலை டீச்சரோடு மலைப் பேருந்தில் ஏறி உட்கார்ந்தார்.

ஜெபமாலை டீச்சர் பிறகு சொன்னார்: பேருந்து நகர்ந்ததுமே பூங்கோதைக்குக் கண் சொருகத் தொடங்கிவிட்டதாம். ஊர் எல்லையில், ஏரிக்கரையைத் தாண்டிச் இடுகாட்டு வேலிக்குப் பக்கத்தில் வந்ததும், "எனக்கு ரொம்ப அசதியா இருக்கு டீச்சர், நான் இங்கயே எறங்கிக்கறேன். நீங்க போய்ப் பள்ளிக்கூடத்தத் தொறங்க" என்றாராம். நடத்துநர் விசில் ஊதினார், வண்டி நின்றது. யாரும் அவசரப்படுத்தவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு படியில் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து இறங்கி, வேலிக்குள் நடந்து போனார். அவர் உருவம் மறையும்வரை ஓட்டுநர் வண்டியை எடுக்கவில்லை.

தை பிறந்ததும் மாதையன் பால் வண்டியை மலைத் தடத்துக்கு மாற்றிக் கேட்டு வாங்கினார். நிறைமதியை நொச்சிக்குட்டைப் பள்ளியில் சேர்த்தார். முதல் நாள் கொண்டை ஊசி வளைவுகளில் இரண்டு முறை வண்டியை நிறுத்தச் சொல்லி அவள் வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்துவிட்டு ஏறிக்கொண்டாள்.

ஓடு போட்ட ஒற்றை அறைப் பள்ளி. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். புதிய டீச்சர் இன்னும் வந்து சேரவில்லை. ஜெபமாலை டீச்சர் அவளைக் கைப்பிடித்து உள்ளே கூட்டிவந்து, "இது..." என்று தொடங்குவதற்குள், செருப்பில்லாத ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள்.

"நிறைமதி!" என்றாள் அவள்.

நிறைமதி திகைத்துப் போனாள். "என்னைய உனக்கு எப்படித் தெரியும்?"

"பூங்கோதை டீச்சர் மூஞ்சிதான உனக்கு. அவங்க சொல்லுவாங்களே. தெனமும் சொல்லுவாங்க. நீ கத்திரிக்கா திங்கமாட்ட, தட்டுக்குக் கீழ ஒளிச்சு வெப்ப."

"விழுந்த பல்ல யாருக்கும் தராம மிட்டாய் டப்பாவுல வெச்சிருக்கியாமே" என்றான் ஒரு பையன்.

"ராத்திரி டீச்சர் தூங்கினதும் நீதான் போர்த்திவிடுவியாமே. அவங்க தூங்கற மாதிரி கண்ண மூடிப் படுத்திருப்பாங்களாம், நீ போர்த்தணும்னு."

"இடி இடிச்சா நீ பயப்படமாட்டியாமே. நாங்க பயந்தா உன்னையத்தான் சொல்லுவாங்க."

அவர்கள் ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள். அவள் நின்றுகொண்டே கேட்டாள். அம்மா இறந்த அன்றும், மாநாட்டு மேடையிலும் வெளியே வராத அழுகை, ஆற்றில் புதுவெள்ளம் வருவதுபோல முதலில் சத்தமில்லாமலும் பிறகு சத்தமாகவும் வந்தது. பிள்ளைகள் பயப்படவில்லை. நகர்ந்து நகர்ந்து நடுவில் இடம் விட்டார்கள். ஜெபமாலை டீச்சர் சாக்பீஸைப் பெட்டியிலேயே போட்டுவிட்டுச் சன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

நிறைமதி உட்கார்ந்தாள். புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"வேற என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.